அது சிரிப்பு இல்ல

புது ஃப்ளெக்ஸுக்குன்னு ஒரு நாத்தம் இருக்கு. மண்ணெண்ணெயும் பெயின்ட்டும் கலந்தா மாதிரி மூக்குல ஏறி நெத்தியில போயி உக்காந்துக்கும். கட்சிக்காரங்க கூட்டம் போட்டா நம்ம உழவர்கரை தெரு முழுக்க அது தான் வீசும். நீ ஜன்னல சாத்திட்டு திட்டிக்கிட்டே இருப்ப. இப்ப அந்த நாத்தம் வூட்டுக்குள்ளயே இருக்குது. செவுத்துல சாச்சி வச்ச சுருள்ல இருந்து வருது. சுருளுக்குள்ள இருக்கறது நீ.

காலையில உன் தம்பி கொண்டாந்து வச்சான். "மாமா, அக்காவோட மொத வருஷத்துக்கு அடிச்சாச்சு. சூப்பரா வந்திருக்குது, பிரிச்சி பாரு. சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன், நம்ம தெரு முனையில கட்டிடலாம்"னான். வண்டிய நடு ரோட்ல வுட்டுட்டு வந்தானாம், டீ கூட குடிக்காம ஓடிட்டான். சூப்பரா. செத்தவங்க ஃப்ளெக்ஸு எப்படிடா சூப்பரா வரும்னு கேக்க எனக்கு வாய் வரல. நீ போனதுல இருந்து அது தான் எனக்கு வியாதி. கேக்க வேண்டியது எல்லாம் அந்த ஆளு போன பொறவு தான் வருது.

தரையில பிரிச்சேன். பிரிக்க பிரிக்க சுருட்டிக்கிட்டு வந்துது. ஒரு மூலையில ஸ்பேனர் பொட்டி, ஒரு மூலையில உன் ஹெல்மெட்டு, மத்த ரெண்டுலயும் என் காலு. அப்படி நின்னுக்கிட்டு தான் உன்ன பாத்தேன்.

பின்னாடி நீலமா கடலு. கடலுக்கு மேல கல்யாண பத்திரிகையில வர்ற மாதிரி ஒரு செவப்பு சூரியன். ரெண்டு பக்கமும் ரெண்டு டால்பின் வில்லு மாதிரி வளஞ்சி துள்ளிக்கிட்டு இருக்குது, ரெண்டும் ஈன்னு இளிக்குது. நடுவுல நீ. நீயும் இளிக்கிற.

அது உன் சிரிப்பு இல்ல. உன் வாயே இல்ல அது. உனக்கு மேல் வரிசையில எடது பக்கம் ஒரு தெத்துப்பல்லு, சிரிச்சா மொதல்ல அது தான் வெளிய எட்டிப்பாக்கும். இதுல எல்லா பல்லும் வரிசையா, வெள்ளையா, பேஸ்ட் விளம்பரம் மாதிரி நிக்குது. கண்ணு மட்டும் உன்னுது. கண்ணு யாரையோ அடிக்க போற மாதிரி பாக்குது, அதுக்கு கீழ வாய் இளிக்குது.

கீழ எழுதியிருக்கறத நீ படிச்சிருக்கணும். "சிரித்த முகத்துடன் எங்களை விட்டுப் பிரிந்த கடல் தேவதையே! டால்பின் மீன்களின் தோழியே!" மீன்களாம். அந்த ஒரு வார்த்தைக்கே நீ இத கிழிச்சி, அடிச்சவங்க கடை வாசல்லயே போட்டுட்டு வந்திருப்ப.

உன் தம்பிக்கு போன் போட்டேன்.

"மச்சான், நான் குடுத்த போட்டோ இன்னாடா ஆச்சு?"

"அதே போட்டோ தான் மாமா. நீ குடுத்ததுல அக்கா மொறைச்சிக்கிட்டு இருந்துச்சா, கடையில கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன தட்டினாங்க. சிரிச்சிடுச்சு."

சிரிச்சிடுச்சு. அவ்ளோ தான். உன்ன கட்டின புருஷன் நான், கோவத்துல இருக்கற உன்ன சிரிக்க வைக்க எனக்கு ரெண்டு நாளு ஆவும், பீச்சுல சுண்டலு வாங்கி தரணும், மன்னிப்பு கேக்கணும். இவங்களுக்கு ஒரு பட்டன் போதுமாம்.

உன்ன மொத மொத பாத்தப்பவே நீ கோவமா தான் இருந்த. நீ டால்பின் காட்ட ஆளுங்கள கூட்டிக்கிட்டு போற படகோட ஓனரு, எஞ்சின்ல ஆயில் அழுத்தத்த முள்ளால காட்டற ப்ரஷர் கேஜ் சரியா காட்ட மாட்டேங்குதுன்னு தட்டாஞ்சாவடியில எங்க பட்டறைக்கு ஆளு அனுப்பினாரு. கேஜ மாத்திட்டு, ஓடும்போது எப்படி காட்டுதுன்னு பாக்க நானும் படகுல ஏறிட்டேன். துறைமுகத்துல இருந்து கெளம்பி, ஆத்து முகத்துவாரம் தாண்டி, கடலுக்குள்ள போறப்ப விடியுது. நீ மைக்க புடிச்சிக்கிட்டு முன்னாடி நின்ன. தலை எல்லாம் காத்துல பறக்குது.

"எல்லாரும் உக்காருங்க. எழுந்தா படகு சாயும். சாஞ்சா எனக்கு நீச்சல் தெரியும், உங்களுக்கு எப்படின்னு நீங்க தான் சொல்லணும். வலது பக்கம் பாருங்க. பாட்டில்மூக்கு டால்பின். பாட்டில்னு சொன்னதும் அந்த அண்ணன் சிரிக்கறாரு பாருங்க, அதுக்கு தான பாண்டிக்கே வந்திருக்கீங்க. அந்த பாட்டில் இல்லண்ணா. மூக்கு குட்டையா, உருண்டையா, பாட்டில் கழுத்து மாதிரி இருக்குது இல்ல, அதனால அந்த பேரு."

எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அண்ணன் தான் ரொம்ப சிரிச்சாரு. அப்ப தான் தண்ணியில இருந்து ஒரு முதுகு மேல வந்துது. நான் கடலோரத்துலயே பொறந்து வளந்தவன், அவ்ளோ கிட்டக்க பாத்தது இல்ல. ஈயம் மாதிரி சாம்பல் கலரு, அரிவாள் மாதிரி பின்னாடி வளஞ்ச துடுப்பு. தலை உச்சியில ஒரு ஓட்டை. அது தெறந்து புஸ்ஸுன்னு மூச்சு விட்டுது. காத்து கம்ப்ரஸர்ல வால்வ தெறந்தா வருமே, அதே சத்தம். எனக்கு அது தான் புடிச்சிது.

"முதுகு ஏன் சாம்பலா இருக்குது? மேல இருந்து பாத்தா கடலோட கடலா தெரியும். வயிறு ஏன் வெளுப்பா இருக்குது? கீழ இருந்து பாத்தா வெளிச்சத்தோட வெளிச்சமா தெரியும். வயசாக வயசாக வயித்துல புள்ளி வரும். ஆழமான கடலுக்கு எல்லாம் இது போவாது. இப்படி ஆறு வந்து சேர்ற எடம், கரையோரம், மீன் இருக்கற எடம், இங்கயே தான் கூட்டமா சுத்தும்"னு நீ சொல்லிக்கிட்டே வந்த. அப்ப ஒரு அம்மா, "அய்யோ சிரிக்குது பாருங்க, செல்லம், நம்மள பாத்து சிரிக்குது!"ன்னாங்க.

உன் மூஞ்சி மாறுச்சி. மைக்க கீழ எறக்கிட்டு வெறும் வாயாலயே சொன்ன. "அது சிரிக்கலம்மா. அதோட வாய் அப்படி. எலும்பே அப்படி வளஞ்சிருக்கு. பசிச்சாலும் அப்படி தான் இருக்கும், வலிச்சாலும் அப்படி தான் இருக்கும். அது மூஞ்ச பாத்து அதுக்கு இன்னா ஆச்சுன்னு கண்டுபுடிக்க முடியாது." அந்த அம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. ஓனரு பின்னாடி இருந்து, "யம்மா, கஸ்டமரு சிரிக்குதுன்னா சிரிக்குதுன்னு வுட்டுடேன், உனக்கு இன்னா போவுது"ன்னு கத்தினாரு. நீ திரும்பிக்கூட பாக்கல. நான் கேஜ பாக்கறத வுட்டுட்டு உன்ன பாத்துக்கிட்டு இருந்தேன்.

உங்க அப்பாவுக்கு உன் வேலையே புடிக்காது. வம்பாகீரப்பாளையத்துல அவரோட ஆளுங்க டால்பின ஓங்கல்னு தான் சொல்வாங்க. வலைய கிழிச்சி மீன தின்னுட்டு போயிடும்னு திட்டுவாங்க. "ஊர்ல எல்லாம் பொண்ண படிக்க வச்சா டீச்சரு ஆவுது, நர்ஸு ஆவுது. இவ திருடனுக்கு வக்கீலு ஆயிட்டா"ன்னு கல்யாண பேச்சுக்கு வந்த எங்க வூட்டு ஆளுங்க கிட்டயே சொன்னாரு. நீ உள்ள இருந்து, "அது சோத்துல நம்ம வல போட்டுட்டு அது திருடனாப்பா?"ன்ன. எங்க அம்மா என்ன பாத்தாங்க. இந்த வாய வச்சிக்கிட்டு நீ எப்படிடா காலம் தள்ளுவன்னு கேக்கற பார்வை அது. காலமே தள்ள முடியாம போவும்னு யாருக்கு தெரியும்.

கோவத்துல கூட நீ என்ன பேரு சொல்லி கூப்ட்டது இல்ல. "யோவ் கேஜு." அவ்ளோ தான். டால்பினுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு விசில் இருக்குதாம், அது தான் அது பேராம், பிரிஞ்சி போச்சுன்னா மத்தது அந்த விசில அடிச்சி தான் தேடுமாம். நீ சொன்ன. "உனக்கு நான் வச்ச விசிலு தான்யா கேஜு. வேற எவளாவது கூப்ட்டா திரும்பின, செத்த." இப்ப யாரும் கூப்புடறது இல்ல.

அந்த போட்டோ எடுத்த நாள சொல்றேன். நீ மறந்திருக்க மாட்ட, நான் தான் ஒழுங்கா ஞாபகம் வச்சிக்க சொல்றேன். உங்க அம்மா தான் காலையில போன் பண்ணாங்க, கரையில ஒண்ணு ஒதுங்கியிருக்குதுன்னு. நம்ம போறதுக்குள்ள கூட்டம். நல்லா வளந்தது, நான் படுத்தா என்ன விட நீளம். தோலு காஞ்சி சைக்கிள் டியூப் மாதிரி ஆயிடுச்சு. வாலுக்கு பக்கத்துல நைலான் நரம்பு வல அறுத்த தடம், சுத்தி வெள்ளையா, ஆழமா. வலையில மாட்டிக்கிட்டு மேல வந்து மூச்சு விட முடியாம செத்திருக்குன்னு நீ சொன்ன. தண்ணியிலயே வாழ்ற ஒண்ணு தண்ணிக்குள்ள மூச்சு முட்டி சாவும்னு எனக்கு அன்னிக்கு தான் தெரியும்.

வாய் மட்டும் அப்படியே சிரிச்ச மாதிரி இருந்துது.

ஒருத்தரு கொழந்தைய தூக்கி அதுக்கு மேல உக்கார வச்சி செல்ஃபி எடுத்தாரு. "செத்தும் சிரிக்குது பாரேன், எவ்ளோ அழகு"ன்னாரு. நீ போயி நடுவுல நின்ன. ரெண்டு கையும் விரிச்சி. "எறக்குய்யா கொழந்தைய. எது சிரிப்பு? இது சிரிப்பா? உன் வூட்ல ஒரு சாவு வுழுந்தா இப்படி தான் மேல ஏறி உக்காந்து போட்டோ எடுப்பியா?" அந்த ஆளு, "இன்னாம்மா, ஒரு மீனுக்கு போயி"ன்னாரு. "மீன் இல்ல!"ன்னு நீ கத்தினது லைட் ஹவுஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

வன இலாகாவுக்கு அனுப்பணும், வாலுல இருக்கற தடத்த போட்டோ எடுன்னு என் கிட்ட சொல்லியிருந்த. நான் உன்ன எடுத்துட்டேன். கண்ணு ரெண்டும் பத்திக்கிட்டு, வாய் தெறந்து, தெத்துப்பல்லு தெரிய, மூக்கு வெடச்சிக்கிட்டு. வூட்டுக்கு வந்து பாத்துட்டு தலையில அடிச்சிக்கிட்ட. "யோவ் கேஜு, வால எடுய்யான்னா என் மூஞ்ச எடுத்திருக்க." அப்புறம் ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்த. "ஆனா இது தான்யா என் மூஞ்சி. கல்யாண ஆல்பத்துல இருக்கறது எல்லாம் போட்டோகிராபரு சொல்லி வச்ச மூஞ்சி."

உன் தம்பி போட்டோ கேட்டப்ப நான் ஏன் அத குடுத்தேன்னு இப்ப புரியுதா? நீ சொன்னது தான்.

அன்னிக்கே தான் உனக்கு முள்ளு ஒட்டிக்கிட்ட கேஜ பத்தி சொன்னேன். சில கேஜு பாக்க நல்லா இருக்கும், முள்ளு பச்சைக்கோட்டுலயே நிக்கும். உள்ள ப்ரஷர் ஏறிக்கிட்டு இருக்கும், முள்ளு ஒட்டிக்கிச்சின்னா நகராது. அதனால தான் ரீடிங் எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடிய விரலால ரெண்டு தட்டு தட்டுவோம். ஒட்டிக்கிட்டிருந்தா முள்ளு துள்ளும். துள்ளலன்னா, காட்டறது நெஜம். உனக்கு அது ரொம்ப புடிச்சி போச்சு. அடுத்த வாரமே மைக்ல சொல்லிட்ட. "டால்பினோட மூஞ்சி முள்ளு ஒட்டிக்கிட்ட கேஜு மாதிரிங்க. நம்பாதீங்க."

நீ தான் சொன்ன. நம்பாதீங்கன்னு. வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு எல்லாம் சொன்ன.

அப்புறம் உனக்கு வயித்து வலி வந்தது. தொப்புள சுத்தி ஆரம்பிச்சி வலது பக்கம் கீழ எறங்குச்சு. குனிய முடியல உனக்கு, பாத்ரூம்ல செவுத்த புடிச்சிக்கிட்டு நின்ன. நான் பாத்தேன். வண்டியில டாக்டரு கிட்ட கூட்டிக்கிட்டு போனேன், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் உன் நகம் என் தோள்ல எறங்குச்சு. அந்த தடம் போறதுக்கு நாளாச்சு. அது போவக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், போயிடுச்சு.

அங்க போயி நீ இன்னா பண்ண? சொல்லு. டாக்டரு தலைய நிமுத்தினதும் சிரிச்ச. "வணக்கம் டாக்டர்"ன்னு சிரிச்ச. நான் சொல்றேன், இவளால நிக்க முடியல, குனிய முடியல, வாந்தின்னு. நீ நடுவுல பூந்து, "அவ்ளோ எல்லாம் இல்ல டாக்டர், இவுரு தான் பயந்துட்டாரு"ன்ன. அந்த ஆளு உன் மூஞ்ச பாத்தாரு. என் பேச்ச கேக்கல, உன் வயித்துல கை வச்சி அமுக்கிக்கூட பாக்கல. மூஞ்ச பாத்தாரு. "சிரிச்சிக்கிட்டு தான இருக்காங்க. அப்படி பெரிய வலின்னா இப்படி உக்கார முடியாது சார். வெறும் வாயு, கேஸு தான். மாத்திர எழுதறேன்." நான் ஸ்கேன் எடுக்கலாமான்னு கேட்டேன். "நீங்க டாக்டரா?"ன்னாரு. நீ என் கைய புடிச்சி இழுத்த. "வா போலாம், பின்னாடி எவ்ளோ பேரு நிக்கறாங்க பாரு"ன்ன.

பின்னாடி நிக்கறவங்களுக்காக உனக்கு வெக்கம். கடல்ல முப்பது பேர உக்கார வச்சி திட்டுவ. ஒரு வெள்ளை கோட்டுக்கு முன்னாடி உன் வாய் அப்படி வளஞ்சிக்கிச்சே, ஏன்டி? யாரு உனக்கு சொல்லி குடுத்தது? ஆஸ்பத்திரின்னா சிரிச்சிக்கிட்டு நிக்கணும், தொந்தரவு குடுக்கக்கூடாது, நல்ல பொண்ணா இருக்கணும்னு எவன் சொன்னான்? அந்த டாக்டரு மேல எனக்கு இருக்கற கோவம் எனக்கு தெரியும், அதுக்கு ஒரு மூஞ்சி இருக்கு, ஒரு கதவு இருக்கு, அந்த தெருவுல போனா பல்ல கடிச்சிக்கிட்டு தாண்டிடுவேன். உன் மேல இருக்கறத தான் இன்னா பண்றதுன்னு தெரியல. செத்தவ மேல கோவப்படாதன்றாங்க. அப்ப யாரு மேல படறது? நம்பாதீங்கன்னு சொன்னவ நீ. ஊருக்கு சொல்லி குடுத்துட்டு, அந்த டாக்டர மட்டும் ஏன் நம்ப வச்ச?

மறுநாள் சாயந்திரம் வலி கொறஞ்சிடுச்சுன்ன. அப்ப சிரிச்சது நெஜ சிரிப்பு, தெத்துப்பல்லு தெரிஞ்சுது. ரசம் கேட்ட. நானே வச்சி குடுத்தேன், உப்பு கம்மின்ன. எனக்கு உசுரு வந்துது. அது குடல்வால் வெடிச்ச நேரமாம். வெடிச்ச ஒடனே கொஞ்ச நேரம் வலி எறங்குமாம், வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ண டாக்டரம்மா பொறவு சொன்னாங்க. எனக்கு அத யாரும் வெளக்க வேணாம். பைப்பு வெடிச்சா கேஜு கீழ தான் எறங்கும். அத நான் தெனம் பாக்கறவன்.

நோவு வந்த டால்பின மத்தது எல்லாம் சேந்து கீழ இருந்து தாங்கி, மேல தூக்கி வுடும்னு சொல்லுவ. ஏன்னா அதுக்கு மூச்சு தானா வராது, ஒவ்வொரு மூச்சும் அதுவா மேல வந்து எடுக்கணும், தூங்கறப்பகூட பாதி மூளை முழிச்சிக்கிட்டு இருக்கும், ஒரு கண்ணு தெறந்திருக்கும்னு. ஐசியு கண்ணாடிக்கு வெளிய நின்னுக்கிட்டு நான் அத தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். உள்ள மெஷின் உனக்கு பதிலா மூச்சு வுட்டுக்கிட்டு இருந்துது. நாங்க இத்தன பேரு வெளிய நிக்கறோம், ஒருத்தனாலயும் கீழ பூந்து தாங்க முடியல.

அப்புறம் உனக்கு பேரே போயிடுச்சு. "பாடிய எப்ப எடுக்கறீங்க?" "பாடி வந்துடுச்சா?" காலையில வரைக்கும் பேரு இருந்த ஒருத்தி, சாயந்திரம் பாடி. விசில் போயிடுச்சு. நடு ஹால்ல உன்ன கெடத்தி, தாடைய துணி போட்டு கட்டியிருந்தாங்க. கட்டினதுல வாய் ஓரம் ரெண்டும் மேல இழுத்துக்கிச்சு. வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தரா குனிஞ்சி பாத்து, "சிரிச்ச மூஞ்சியாவே போயிட்டாளே, தூங்கற மாதிரி இருக்காளே"ன்னு அழுதாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. மனச தேத்த தான் சொன்னாங்க. மாடி வூட்டு சொல்தா தாத்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, என் தோள தட்டி, "கூராஜ், முசே, கூராஜ். மவராசி சிரிச்சிக்கிட்டே போயிருக்கா"ன்னாரு. பிரெஞ்சுல தைரியமா இருங்க சார்னு அர்த்தமாம். நான் தலைய ஆட்டினேன். அந்த கொழந்தைய டால்பின் மேல உக்கார வச்ச ஆளு தான் எனக்கு ஞாபகம் வந்தான். உன் பக்கத்துல போயி ரெண்டு கையும் விரிச்சி நின்னு, அது சிரிப்பு இல்லன்னு கத்தணும். அதுக்கு தான நீ இருந்த. நீ படுத்துட்ட, எனக்கு சத்தம் வரல.

இன்னிக்கு ஃப்ளெக்ஸு மேல நின்னப்ப தான் வந்துது. ஒரு வருஷம் மூடியிருந்த வால்வு. ஃப்ளெக்ஸ சுருட்டி வண்டியில குறுக்க வச்சிக்கிட்டு உன் தம்பிய கடைக்கு வரச்சொன்னேன். டிசைன் பண்றவங்க கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நிதானமா பேசுனாங்க.

"சார், பாஸ்போர்ட் போட்டோ, ஆதார் போட்டோன்னு எது குடுத்தாலும் லேசா சிரிக்க வச்சி தான் குடுப்போம். பாக்கறவங்களுக்கு ஒரு ஆறுதல். இதுவரைக்கும் யாரும் வேணாம்னது இல்ல."

"நான் வேணாம்னு சொல்றேன். பழைய மூஞ்ச வைங்க."

உன் தம்பி என்ன ஓரமா இழுத்தான். "மாமா, கோவப்படாம கேளு. தெரு முனையில மொறைச்சிக்கிட்டு இருக்கற போட்டோவ மாட்டினா ஊரு இன்னா பேசும்? புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை, அதுல தான் அக்கா ஏதோ பண்ணிக்கிச்சின்னு பேசுவாங்க. உன்ன தான் பேசுவாங்க."

"பேசட்டும்டா."

"எங்கள யாரு பாக்கறது? அம்மா தெனம் அந்த முனையில தான் கூடை வச்சி மீன் விக்கறாங்க. நாள் பூரா அக்கா அவங்கள மொறைச்சிக்கிட்டே இருக்கணுமா?"

அவன் கேட்டது ஞாயம். உங்க அம்மாவ நான் நெனக்கவே இல்ல. "சரி, அத்தைய கேளு. அவங்க சிரிச்சது தான் வேணும்னா நான் ஒண்ணும் பேசல"ன்னேன். அவங்க மட்டும் அந்த இளிப்ப எடுத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் நீ அது தான். ஊருக்கு, எல்லாருக்கும், வெயில்ல வெளுத்து கிழியற வரைக்கும்.

வீடியோ கால் போட்டான். அத்தை மீன் அரிஞ்சிக்கிட்டு இருந்தாங்க, கையில செதிலு. மொதல்ல பட்டன் தட்டின மூஞ்ச காட்டினான்.

"இது யாருடா?"

"அக்காம்மா."

"எந்த அக்கா? பல்லு செட்டு கட்டின மாதிரி இருக்குது. எடு அத."

கடைக்கார அம்மா ஏதோ தட்டினாங்க. வாய் மூடி, தெறந்து, பல்லு கலஞ்சி, நீ திரும்ப வந்த. அத்தை புடிச்சிருந்த மீன கீழ வச்சாங்க. செதிலு கையோட கண்ண தொடச்சிக்கிட்டாங்க.

"என்ன இன்னாத்துக்குடி மொறைக்கிற?"ன்னாங்க. உன் தம்பி கிட்ட இல்ல, என் கிட்ட இல்ல. உன் கிட்ட. தெனம் போன்ல நீ மெரட்டி கேப்பியே, அதுக்கு பதில் மாதிரி, "மாத்திரைய போட்டேன், சாப்டேன். எல்லாம் சாப்டேன், போ."

கீழ வச்ச மீன திரும்ப எடுத்துக்கிட்டு, "இதையே கட்டுங்கடா. தெனம் ஒரு ஆளாவது என்ன கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கட்டும்"ன்னுட்டு போன வச்சிட்டாங்க.

கடைக்கார அம்மா கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கிட்டாங்க. கீழ இருந்த வரி எல்லாத்தையும் அழிக்க சொன்னேன். பேரு, தேதி போதும். அவங்க திரைய காட்டி கேட்டாங்க. "சார், இவங்க கோவமா இருக்காங்க, பக்கத்துல இந்த ரெண்டும் சிரிக்குதே. ஒரு மாதிரி இருக்காது?"

"அது சிரிக்கலங்க. அதோட வாய் அப்படி"ன்னேன்.

சொல்லி முடிச்ச பொறவு தான் அது யாரு குரலுன்னு எனக்கே தெரிஞ்சுது. உன் தம்பி என்ன திரும்பி பாத்தான். அவனுக்கும் தெரிஞ்சுது.

புதுசா அடிச்சி வாங்கி சாயந்திரம் தெரு முனையில கட்டினோம். அவன் மேல ஏறி கயிறு இழுத்தான், நான் கீழ புடிச்சேன். கடல்காத்துக்கு உன் கன்னம் உப்பி உப்பி அடங்குச்சு. மீன் வாங்க வந்த ஒருத்தரு நிமுந்து பாத்துட்டு, "யப்பா, யாருய்யா இது, இம்மாம் கோவமா?"ன்னு கேட்டாரு. அத்தை கூடையில இருந்து தல தூக்காம, "என் பொண்ணு. ஓங்கல மீனுன்னு சொன்னா அடிப்பா. உனக்கு இன்னா வேணும், சங்கராவா?"ன்னாங்க.

எல்லாரும் போன பொறவு நான் மட்டும் கிட்டக்க போனேன். உன் சிரிப்ப வச்சிக்கிட்டு இருக்க எவ்ளவோ பேரு இருக்காங்க, எல்லார் செல்லுலயும் இருக்குது, வேணும்னா ஒரு பட்டன்ல புதுசா கூட வரும். உன் கோவத்த தான் யாரும் கேக்கல. அத நான் வச்சிக்கறேன். அந்த டாக்டரு கதவ தாண்டறப்ப இனி பல்ல மட்டும் கடிக்க மாட்டேன்னு நெனக்கறேன். உள்ள போவேன். உக்காந்து, கடைசி ஆளு போற வரைக்கும் உக்காந்திருந்து, உன்ன பத்தி சொல்லுவேன். நிமுந்து என்ன பாத்தாருன்னா, நான் சிரிக்க மாட்டேன்.

பழக்கதோஷம், கைய நீட்டி உன் வாய் ஓரத்துல விரலால ரெண்டு தட்டு தட்டினேன். ஃப்ளெக்ஸு லேசா அதிர்ந்து நின்னுச்சு. நீ மாறல. அப்படியே மொறைச்சிக்கிட்டு இருந்த.